குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் யார் பெயர்?

மைனர் ஒருவருக்குச் சேமிப்புக் கணக்குத் தொடங்கும் படிவத்தில் இரண்டு பெயர்கள் எழுதப்பட வேண்டும். ஒன்று குழந்தையின் பெயர். மற்றொன்று பாதுகாவலரின் பெயர். முதற்பெயரை எழுதும்போது எவரும் தயங்குவதில்லை. இரண்டாவது கட்டத்துக்கு வரும்போதுதான் சிலருடைய பேனா நின்றுவிடுகிறது. தந்தை வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். தாய் கையொப்பமிட்டால் போதுமா? பெற்றோர் இருவரும் ஊரில் இல்லை. பாட்டியின் பெயரை எழுதலாமா? பணம் கட்டுபவர் தாய்மாமன், அவரே பாதுகாவலராகலாமா? திருவனந்தபுரம் போன்றதொரு நகரில் வங்கிப் பணியில் இருக்கும் நாம் அடிக்கடி எதிர்கொள்ளும் வினாக்கள் இவை.

இவற்றுக்கெல்லாம் இன்று விதிமுறைகளில் விடை உண்டு. ஆயினும் அந்த விடை என்றும் ஒன்றாகவே இருந்ததில்லை. நூறாண்டுகளுக்கு முன் இதே நகரில் இத்தகைய படிவம் ஒன்று வழங்கப்பட்டிருக்குமானால், பல குடும்பங்களில் அந்த இரண்டாவது கட்டத்தில் தாய்மாமனின் பெயரே இடம்பெற்றிருக்கும். பின்னர் அங்கே தந்தையின் பெயர் வந்தது. அதன் பின்னரே தாயின் பெயர் வந்தது. ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தைச் சட்டங்கள் தேதியிட்டுக் குறித்துள்ளன. அம்மாற்றத்தின் நடுவே வளர்ந்த குழந்தைகள் எதை உண்டனர், எதற்கு ஏங்கினர், எந்த வீட்டைத் தம் வீடு என்று எண்ணினர் என்பவற்றைச் சட்டங்கள் குறிக்கவில்லை. அவற்றைக் குறித்து வைத்தது இலக்கியம். அந்தக் குறிப்பேட்டின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடப்பெற்ற குழந்தையும் பாடப்பெறாத குழந்தையும்

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியே 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்று, குழந்தைப் பருவம் பற்றிய ஆய்வுகளுக்குப் புதியதொரு வாயிலைத் திறந்தது. குழந்தைமை என்னும் தனிப்பருவம் ஒன்று உண்டு என்ற தெளிவான எண்ணம் இடைக்கால ஐரோப்பாவில் இல்லை. குழந்தை சிறிய உருவில் இருந்த பெரியவராகவே கருதப்பட்டது என்பது அவர் கூற்று. பின்வந்த அறிஞர் பலர் இதனை மறுத்துள்ளனர். எனினும் குழந்தைமை என்பது உடலின் வளர்ச்சியால் மட்டும் அமைவதன்று, காலமும் சமூகமும் சேர்ந்து அமைப்பது என்ற அவருடைய அடிப்படைக் கருத்து இன்றும் பேசப்பட்டு வருகிறது.

தமிழ் மரபை அறிந்தோர்க்கு ஆரியேயின் கூற்று வியப்பளிக்கும். குழந்தைச் செல்வம் இல்லாத வாழ்வு பயனற்றது என்னும் கருத்தைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில் பாடியுள்ளார். திருக்குறள் குழந்தைகளுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமோ குழந்தைப் பருவத்தைத் திங்கள் கணக்கில் பகுத்துக் காட்டுகிறது. மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி எனத் தொடங்கி, முத்தம், வருகை, அம்புலி என வளர்ந்து, ஆண்பாற் பிள்ளைத்தமிழாயின் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என இருபத்தொன்றாம் திங்களில் நிறைவுறுகிறது. குழந்தை தலையை நிமிர்த்தி அசைவது, கை தட்டுவது, தளர்நடை பயில்வது ஆகியவற்றை இத்துணை நுணுக்கமாகப் பார்த்த கண்கள், குழந்தையைச் சிறிய உருவிலுள்ள பெரியவராகக் கண்ட கண்களாக இருக்க முடியாது.

ஆயினும் இங்கே ஒரு வினா எழுகிறது. கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியது ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். புகழால் முந்தியவற்றுள் ஒன்று குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ். முன்னதன் தலைவன் அரசன். பின்னதன் தலைவி தெய்வம். தொட்டிலில் கிடந்த சாதாரணக் குழந்தையை அக்காலப் புலவர்கள் பாடவில்லை. அது யாருடைய குழந்தை, அதற்கு உரியது எது என்ற கேள்வி எழுந்தபோது விடை சொன்னவை தாயமுறைகள். அவற்றுள் தனித்தன்மை மிக்க ஒன்று, திருவிதாங்கூரில் வழங்கிய மருமக்கள் வழி.

அரசனின் மகன் இளவரசன் அல்லன்

மருமக்கள் வழியில் குடும்பம் என்பது கணவன், மனைவி, மக்கள் சேர்ந்ததன்று. ஒரு தாய், அவள் பெற்ற மக்கள், அவளுடைய பெண்மக்கள் பெற்ற மக்கள் எனப் பெண்வழியாகப் பெருகும் தறவாடுதான் குடும்பம். சொத்து தறவாட்டுக்கு உரியது. அதனை நிர்வகிப்பவர் தறவாட்டின் மூத்த ஆண்மகனான காரணவர். அவர் சொத்தின் உரிமையாளர் அல்லர், நிர்வாகி மட்டுமே. அவருக்குப்பின் அப்பொறுப்பு அவருடைய மகனுக்கு வராது. தம்பிக்கோ சகோதரியின் மகனுக்கோ செல்லும். காரணவரின் மனைவியும் மக்களும் வேறொரு தறவாட்டைச் சேர்ந்தவர்கள்.

இம்முறை அரச குடும்பத்திலேயே நிலவியமையால் திருவனந்தபுரம் நகரின் அமைப்பில்கூட அதன் சுவடு பதிந்துள்ளது. திருவிதாங்கூர் மன்னரின் மனைவி அரசி அல்லர். அவர் அம்மச்சி என்றே அழைக்கப்பட்டார். அரசி என்ற பட்டம் மன்னரின் உடன்பிறந்த சகோதரிக்கோ மருமகளுக்கோ உரியது. மன்னரின் மகன் இளவரசன் அல்லன். தம்பி என்பது அவனுக்குரிய பட்டம். மகளுக்குத் தங்கச்சி என்பது பட்டம். இவர்கள் வாழ்ந்த இல்லங்கள் அம்மவீடுகள் எனப்பட்டன. அருமன, வடசேரி, நாகர்கோவில், திருவட்டார் என்னும் ஊர்ப்பெயர்களைத் தாங்கிய அம்மவீடுகள் கோட்டைப் பகுதியை ஒட்டி எழுந்தன. தந்தை அரண்மனையில் இருக்க, மக்கள் அம்மவீட்டில் வளர்ந்தனர்.

எல்லா மகன்களும் இதனை அமைதியாக ஏற்றுக்கொள்ளவில்லை. 1729ஆம் ஆண்டில் மன்னர் ராமவர்மாவுக்குப்பின் மருமகனான மார்த்தாண்டவர்மா அரியணை ஏறியபோது, மறைந்த மன்னரின் மகன்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் உரிமை கோரினர், அப்போராட்டத்தில் உயிரிழந்தனர். இந்நிகழ்ச்சியைக் களமாகக் கொண்டு சி. வி. ராமன் பிள்ளை 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படுகிறது. அதில் வெற்றி பெற்ற மருமகனே தலைவன். கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டாகப் பாடப்பட்டு வந்த ‘தம்பிமார் கதை’யோ தோற்றுப்போன மகன்களுக்காக இரங்குகிறது. ஒரே நிகழ்ச்சியை நாவல் அரியணையின் பக்கம் நின்று பார்க்க, நாட்டார் பாடல் அம்மவீட்டின் பக்கம் நின்று பார்க்கிறது.

கேரளம் முழுவதும் தாய்மார்களின் நாவில் இன்றும் வாழும் ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ என்னும் தாலாட்டும் இந்தச் சூழலில் பிறந்ததே. 1813ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பிறந்த சுவாதித் திருநாளைத் தூங்கவைக்க இரயிம்மன் தம்பி அதனை இயற்றினார். பெயரிலுள்ள ‘தம்பி’ என்ற பட்டமே அவர் நின்ற இடத்தைக் காட்டும். அவருடைய தாய் அரச குடும்பத்து இளவரசர் ஒருவரின் மகள். தந்தைவழி இரத்த உறவு தாயத்தில் கணக்கில் கொள்ளப்படாத ஒருவர், கருவிலேயே அரசுரிமை பெற்று கர்ப்பஸ்ரீமான் என்று போற்றப்பட்ட குழந்தைக்குத் தாலாட்டுப் பாடினார். அக்குழந்தைக்கு இரண்டு வயது ஆனபோது, 1815ஆம் ஆண்டில், தாய் கௌரி லட்சுமி பாய் காலமானார். தந்தை உயிரோடு இருந்தார். எனினும் ஆட்சிப் பொறுப்பு தாயின் தங்கை கௌரி பார்வதி பாயிடம் சென்றது. குழந்தை வளர்ந்து 1829ஆம் ஆண்டில் பொறுப்பேற்கும் வரை அவரே ஆட்சி நடத்தினார். இன்றைய வங்கி மொழியில் சொல்வதானால், ஓர் அரசு முழுவதும் பதினான்கு ஆண்டுகள் மைனர் கணக்காக இருந்தது, பாதுகாவலர் சிற்றன்னை. குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்ற 1817ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆணை அவர் காலத்தில் பிறப்பிக்கப்பட்டதே.

தந்தையின் வீட்டில் விருந்தாளிகள்

மருமக்கள் வழி தனக்கென நன்மைகளைக் கொண்டதே. பெண் பிறந்தால் தறவாடு மகிழ்ந்தது. கணவனை இழந்தவளோ பிரிந்தவளோ தான் பிறந்த வீட்டிலேயே உரிமையோடு வாழ்ந்தாள். தந்தையை இழந்த குழந்தை அதனால் வீட்டை இழக்கவில்லை. ஆனால் இம்முறையின் மறுபக்கத்தை மிகக் கூர்மையாக எடுத்துக்காட்டியது ஒரு தமிழ் நூல். அது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இயற்றிய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’.

கவிமணி 1876ஆம் ஆண்டில் நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்தவர். அக்காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதி. திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றி 1931ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். குழந்தைகளுக்காக எளிமையும் இனிமையும் நிறைந்த பாடல்களை எழுதியவர் என்றே பெரும்பாலோர் அவரை அறிவர். பள்ளி நூல்களில் அவருடைய பாடல்களைப் படிக்காத தமிழ்க் குழந்தை அரிது. அதே கை எழுதிய அங்கத நூல்தான் மான்மியம். 1917, 1918ஆம் ஆண்டுகளில் ‘தமிழன்’ என்னும் இதழில் அது தொடராக வெளிவந்தது.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒரு விசித்திரமான கலவை நிலவியது. மனைவி கணவன் வீட்டுக்கு வந்து வாழ்ந்தாள். சொத்தோ பெண்வழியில் சென்றது. நாயர் தறவாட்டில் குழந்தை தன் தாயின் வீட்டில், தனக்குரிய வீட்டில் வளர்ந்தது. நாஞ்சில் நாட்டில் குழந்தை தந்தையின் வீட்டில் வளர்ந்தது. ஆனால் அந்த வீடு அதற்குரியதன்று. அதே வீட்டில், அதே பந்தியில், தந்தையின் சகோதரி மக்கள் உரிமையாளர்களாக அமர்ந்திருந்தனர். பெற்ற மக்களுக்குக் கிடைத்தது உகந்துடைமை என்னும் சிறு பங்கு. உகந்து கொடுக்கும் உடைமை என்று அச்சொல்லே பொருள் தருகிறது. உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டியது, பிரியத்தால் கிடைக்கும் கொடையாகப் பெயர் பெற்றிருந்தது.

இந்நிலையைக் கவிமணி ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே சொல்கிறார். அவள் பஞ்சகல்யாணிப் பிள்ளை என்பவரின் ஐந்தாம் மனைவி. காப்பியங்களைப் போலப் படலங்களாக நூல் பகுக்கப்பட்டுள்ளது. ஆனால் படலங்களின் பெயர்களோ மாமி அரசியற் படலம், கோடேறிக் குடிமுடித்த படலம், கும்பியெரிச்சற் படலம் என்பன. மாமியாரின் ஆட்சியும், நீதிமன்றப் படியேறிக் குடும்பம் அழிவதும், பசியால் வயிறு எரிவதும் அங்கே காப்பியப் பொருளாகின்றன. கணவனுக்குப்பின் பெற்ற மக்களோடு அந்தப் பெண் அநாதையாக நிற்பதில் கதை முடிகிறது. படிப்பவர் முதலில் சிரிப்பார். பிறகு அந்தச் சிரிப்புக்கு வருந்துவார்.

குழந்தைகளுக்காகப் பாடியவரும் இதனை எழுதியவரும் ஒருவரே என்பது தற்செயல் அன்று எனக் கருதுகிறோம். குழந்தையைக் கொஞ்சத் தெரிந்தவருக்கே, அக்குழந்தைக்கு நாளை இந்த வீட்டில் ஒரு பிடி சோற்றுக்கும் உரிமை இல்லை என்பது அவ்வளவு உறுத்தும். நூல் வெளிவந்து பத்தாண்டுகள் நிறைவதற்குள், 1926ஆம் ஆண்டில், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியது. பெற்ற மக்கள் வாரிசுகளாயினர். ஒரு நூலே சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. சமூகத்தினரின் நீண்ட முயற்சி அதன் பின்னால் இருந்தது. அம்முயற்சிக்கு ஒரு குரல் கொடுத்தது அந்நூல்.

தறவாட்டின் கதவுகள்

நாஞ்சில் நாட்டுக்கு வெளியேயும் இக்குரல் ஒலித்தது. மலபாரில் முன்சீப்பாகப் பணியாற்றிய ஓ. சந்துமேனன் 1889ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இந்துலேகா’ ஒரு காதற்கதையாகவே நினைவுகூரப்படுகிறது. ஆனால் அக்கதையின் சிக்கல் தொடங்குவது ஒரு சிறுவனின் படிப்புச் செலவில். தறவாட்டுச் சிறுவன் சின்னனைச் சென்னைக்கு அனுப்பி ஆங்கிலம் படிக்கவைக்க வேண்டும் என்கிறான் மாதவன். காரணவர் பஞ்சுமேனன் மறுக்கிறார். பணம் தறவாட்டினுடையது, படிக்க வேண்டியவன் தறவாட்டுப் பிள்ளை. ஆயினும் தீர்மானிப்பவர் ஒருவர் மட்டுமே. குடும்பத்தின் பணம் குடும்பத்தின் குழந்தைக்குச் செலவிடப்பட வேண்டுமா என்ற கேள்வியோடுதான் மலையாள நாவல் உலகின் அந்த முதன்மையான படைப்பு தொடங்குகிறது.

எம். டி. வாசுதேவன் நாயரின் ‘நாலுகெட்டு’ 1958ஆம் ஆண்டில் வந்தபோது தறவாடுகள் சிதையத் தொடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. அதன் நாயகன் அப்புண்ணியின் தாய், வீட்டார் விருப்பத்துக்கு மாறாக மணந்தமையால் தறவாட்டை விட்டு விலக்கப்பட்டவள். தனக்கு உரிமையான அந்த வீட்டை வெளியிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்கிறான் சிறுவன். பெரியவனானபின் பணம் ஈட்டி அதே வீட்டை விலைக்கு வாங்குகிறான். பிறப்பால் கிடைத்திருக்க வேண்டியதைப் பத்திரப் பதிவினால் பெறுகிறான். ஆனால் இழந்த குழந்தைப் பருவத்துக்குப் பத்திரம் இல்லை.

இந்த நாவல்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திருவிதாங்கூரில் 1912ஆம் ஆண்டின் நாயர் சட்டம் சிறிது வழி திறந்தது. 1925ஆம் ஆண்டின் நாயர் சட்டம் தறவாட்டுச் சொத்தைத் தலைக்கட்டுக்கு ஒரு பங்காகப் பிரித்துக்கொள்ள இடமளித்தது. 1956ஆம் ஆண்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. இறுதியாக, கேரளக் கூட்டு இந்துக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அன்றோடு தறவாடு என்பது சட்டத்தின் பார்வையில் இல்லாமற் போயிற்று.

பெண் குழந்தையின் பங்கு

தாய்வழி முறை நிலவிய நாட்டில் பெண் குழந்தைகள் அனைவரும் சிறப்புற்று வாழ்ந்தனர் என்று எண்ணுவது பிழை. திருவிதாங்கூரின் எல்லாச் சமூகங்களும் மருமக்கள் வழியினர் அல்லர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய ஹெப்சிபா ஜேசுதாசன் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘புத்தம் வீடு’ தென் திருவிதாங்கூரின் பனைவிளைகளுக்கு நடுவே வாழ்ந்த ஒரு கிறித்தவக் குடும்பத்தைச் சித்திரிக்கிறது. அதன் நாயகி லிஸி பள்ளிக்கு ஆசையோடு செல்பவள். பருவம் எய்தும் வயது வந்ததும் அவளுடைய படிப்பு நிறுத்தப்படுகிறது. யாரும் அவளை அடிக்கவில்லை, யாரும் வெறுக்கவில்லை. பெருமை மிக்க வீட்டுப் பெண் இனி வெளியே செல்லலாகாது என்பது மட்டுமே காரணம். அன்பு நிறைந்த வீட்டிலேயே ஒரு குழந்தைப் பருவம் ஓசையின்றி முடிந்துபோவதை அந்நாவல் காட்டுகிறது.

அத்தகைய பெண்களின் பங்கைத் திருவிதாங்கூர்க் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம் எண்ணாலேயே குறித்திருந்தது. 1916ஆம் ஆண்டின் அச்சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகளுக்குக் கிடைப்பது மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய். இவற்றுள் எது குறைவோ அது. மேரி ராய் என்னும் கல்வியாளர் இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1986ஆம் ஆண்டில் தீர்ப்பு அவருக்கு ஆதரவாக அமைந்தது. மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது நிலைபெற்றது. பதினோராண்டுகளுக்குப்பின் அவருடைய மகள் அருந்ததி ராயின் நாவல், தாயின் வீட்டில் சட்டபூர்வமான இடம் ஏதுமற்ற இரட்டைக் குழந்தைகளின் கதையை உலகறியச் செய்தது.

ஒரு நாவலாசிரியையின் விண்ணப்பம்

இனி, படிவத்தின் இரண்டாவது கட்டத்துக்குத் திரும்புவோம். மாமனின் பெயர் அகன்றது. தந்தையின் பெயர் வந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம், மைனரின் இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப்பின் தாய் என்று வகுத்தது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயின் வசம் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறியது. குழந்தையைத் தூக்கி வளர்க்கும் கை தாயினுடையது. கையொப்பமிடும் கை தந்தையினுடையது என்பதாக நிலைமை அமைந்தது.

நாளும் பணமுமாக வங்கிக்கு வந்த தாய்மார்களை இது இடர்ப்படுத்தியது. 1976ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாளிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை, தாயைப் பாதுகாவலராகக் கொண்டு மைனரின் வைப்புக் கணக்குகளைத் தொடங்க வழி வகுத்தது. கேரளத்தில் தாய்வழிக் கூட்டுக் குடும்பம் சட்டப்படி முடிவுற்ற அதே டிசம்பரில் இது நிகழ்ந்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆயினும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது சிந்தனைக்கு இடமளிக்கும் பொருத்தம் இது.

வைப்புக் கணக்குக்கு வந்த இச்சலுகை எல்லாவற்றுக்கும் வந்துவிடவில்லை. 1984ஆம் ஆண்டில் கீதா ஹரிஹரன் தம் மைனர் மகனின் பெயரில் ரிசர்வ் வங்கியின் நிவாரணப் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தார். தாமே பாதுகாவலராகக் கையொப்பமிட்டார். கணவருக்கும் அதில் முழுச் சம்மதம். விண்ணப்பம் திரும்பியது, தந்தையின் கையொப்பம் கோரப்பட்டது. கோயம்புத்தூரில் பிறந்த அவர் பின்னாளில் காமன்வெல்த் எழுத்தாளர் பரிசு பெற்ற நாவலாசிரியை. குடும்பத்தில் பெண்ணின் இடத்தைக் கதைகளில் ஆராய்ந்த அவர் இவ்வினாவை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார். 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘தந்தைக்குப்பின்’ என்னும் சொல்லுக்குத் தந்தையின் மறைவுக்குப்பின் என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது; தந்தை பொறுப்பேற்காத நிலை, அவர் இல்லாத நிலை, பெற்றோர் இருவரும் ஒப்புக்கொண்ட நிலை ஆகியவற்றிலும் தாய் இயற்கைப் பாதுகாவலர் ஆவார் என்று நீதிமன்றம் விளக்கம் தந்தது. ஒரு சொல்லின் பொருளை விரித்ததால் கோடிக்கணக்கான தாய்மார்களின் கையொப்பம் மதிப்புப் பெற்றது.

நகரமும் இன்றைய குடும்பமும்

திருவனந்தபுரத்தில் வாழ்ந்து எழுதிய நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ இந்நகரையே களமாகக் கொண்டது. மனைவி பிரிந்து சென்றபின் இரு குழந்தைகளைத் தனித்து வளர்த்த அனந்தன் நாயர், தெருத்தெருவாக நடந்தபடி தம் வாழ்வை எண்ணிப் பார்க்கிறார். தறவாடு போயிற்று, காரணவர் இல்லை, தந்தை மட்டுமே இருக்கிறார். தாய்வழி மரபின் தலைநகரில் தாயின்றி வளர்ந்த இரு பிள்ளைகளின் கதை அது. குடும்பத்தின் எந்த வடிவமும் குழந்தையின் மகிழ்ச்சிக்குத் தானாகவே உத்தரவாதம் தருவதில்லை என்பதை அந்நாவல் உணர்த்துகிறது.

இன்று எங்கள் கவுண்டருக்கு வரும் குடும்பங்களும் பல வடிவின. தந்தை துபாயிலும் தாய் தனியாக இங்கும் வாழும் குடும்பம். தாத்தா பாட்டியிடம் வளரும் பேரன். மணமுறிவுக்குப்பின் மகளோடு வாழும் தாய். இவர்களுக்குப் பயன்படும் சில செய்திகளை இங்கே தொகுத்துரைப்பது பொருத்தமாகும்.

எந்த வயதுக் குழந்தைக்கும் இயற்கைப் பாதுகாவலரோ சட்டப்படியான பாதுகாவலரோ கணக்குத் தொடங்கலாம், தாயும் பாதுகாவலராகலாம். ரிசர்வ் வங்கியின் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் அறிவிப்பின்படி, பத்து வயது நிறைந்த சிறார், ஒவ்வொரு வங்கியும் வகுக்கும் வரம்புக்கு உட்பட்டு, தாமே கணக்குத் தொடங்கி இயக்கலாம். பதினெட்டு வயது நிறைந்தவுடன் புதிய மாதிரிக் கையொப்பமும் இயக்குமுறை ஆணையும் பெறப்பட வேண்டும். பெற்றோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். பிள்ளை கல்லூரிக் கட்டணம் செலுத்த வரும் நாளில்தான் நினைவு வருகிறது. பத்து வயது நிறையாத பெண் குழந்தைக்கு 2015ஆம் ஆண்டு முதல் செல்வமகள் சேமிப்புத் திட்டம் உண்டு. பதினெட்டு வயதுக்குப்பின் அக்கணக்கை அப்பெண்ணே இயக்குவாள். தாய்மாமனோ பாட்டியோ குழந்தையின் கணக்கில் பணம் செலுத்தத் தடையில்லை. ஆனால் பாதுகாவலராகக் கையொப்பமிட அவர்களுக்கு நீதிமன்ற ஆணை வேண்டும். ஒருகாலத்தில் குழந்தையின் வாழ்வை ஒரு சொல்லால் தீர்மானித்த மாமனுக்கு இன்று நீதிமன்றத்தின் சீட்டு தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் வாடிக்கையாளர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். நாமினி என்று வழங்கும் நியமனதாரர் வேறு, வாரிசு வேறு. நியமனதாரர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். அதன் உரிமையாளர் என்று அதனாலேயே ஆகிவிடுவதில்லை. தறவாட்டுக் காரணவர் சொத்தின் நிர்வாகியேயன்றி உரிமையாளர் அல்லர் என்று முன்னர்க் கண்டோம். அந்த வேறுபாட்டை மறந்த காரணவர்களால்தான் குடும்பங்கள் நீதிமன்றப் படியேறின. 2025ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். மைனர் ஒருவரை நியமித்தால், அவர் சார்பில் தொகையைப் பெறத்தக்க பெரியவர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும். அந்தப் பெரியவரைத் தேர்ந்தெடுப்பது, உண்மையில், உங்கள் குழந்தைக்கு ஒரு காரணவரைத் தேர்ந்தெடுப்பதே. அவசரமாக நிரப்பத்தக்க கட்டம் அன்று அது.

மான்மியத்தின் பெண்ணுக்கும், சின்னனுக்கும், அப்புண்ணிக்கும், லிஸிக்கும் தேவைப்பட்டது பெருஞ்செல்வம் அன்று. தம் பெயருக்குப் பக்கத்தில், தம் நலனையே தன் நலனாகக் கருதும் ஒருவரின் பெயர் இருந்தாற் போதுமாயிருந்தது. தாயமுறையும் சட்டமும் மாறி மாறி அப்பெயரை எழுதின, அழித்தன, மீண்டும் எழுதின. இன்று அதனை எழுதும் உரிமை பெற்றோரின் கையில் உள்ளது. எங்கள் மேசையின் மறுபுறம் அமர்ந்து அந்தக் கட்டத்தின் முன் சிறிது நேரம் யோசிக்கும் தாய் தந்தையரை நாங்கள் விரைவுபடுத்துவதில்லை.